வழக்கறிஞரை வேண்டாம் என்ற கவிஞர்

கேள்வி: ஐயா, முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா புத்தகங்களைப் படித்து வளர்ந்த குடும்பம் எங்களுடையது. சோவியத் நாட்டில் எழுத்தாளனுக்கு இருந்த மரியாதை வேறெங்கும் கிடையாது என்று அப்பா சொல்வார். சென்ற மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. வசீல் ஸ்தூஸ் என்ற உக்ரைன் கவிஞருக்கு நோபல் பரிசு கிடைக்கவிருந்ததாம். அதைத் தடுக்கவே கேஜிபி அவரைச் சிறையில் கொன்றதாம். அவருடைய வழக்கறிஞரே அவருக்கு எதிராகப் பேசினாராம். இதில் எவ்வளவு உண்மை? உக்ரைன் சோவியத் ஒன்றியத்தில் ஒரு குடியரசுதானே? அங்கே எழுந்த எதிர்ப்பை அந்நிய ஆட்சிக்கு எதிரான போராட்டம் என்று சொல்வது பொருந்துமா? அவரைப் படிக்க விரும்பினால் எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நோபல் கதையை முதலில் முடித்துவிடுவோம். ஸ்தூஸைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அதுதான் முந்திக்கொண்டு வருகிறது. இலக்கிய நோபலுக்கு யார் யாரைப் பரிந்துரைத்தார்கள் என்ற குறிப்புகளை ஸ்வீடிஷ் அகாதெமி 50 ஆண்டுகள் பூட்டி வைக்கும். 1985ஆம் ஆண்டுக் குறிப்புகள் 2036 பிறந்த பிறகுதான் வெளியே வரும். அதுவரை இதை உறுதியாகச் சொல்கிறவர்கள் எல்லோரும் யாரோ சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் பியோல் ஸ்தூஸை விடுதலை செய்யக் கோரி வெளிப்படையாகக் குரல் கொடுத்தார் என்பது உண்மை. பியோல் 1972இல் நோபல் வாங்கியவர். அவரே பரிந்துரைத்திருப்பார் என்ற பேச்சு அப்படித்தான் கிளம்பி, சொல்லச் சொல்லச் செய்தியாகிவிட்டது. அந்த ஆண்டுப் பரிசு பிரெஞ்சு நாவலாசிரியர் க்ளோத் சிமோனுக்குப் போனது.

இந்தக் கதை எனக்குப் பிடிக்காததற்கு வேறு காரணமும் உண்டு. ஒரு பரிசைத் தடுக்க மேலிடத்திலிருந்து தனி உத்தரவு வந்து ஒருவரைக் கொன்றார்கள் என்றால், அந்த உத்தரவு வராமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று ஆகிறது. ஸ்தூஸ் இருந்த முகாமில் சாவதற்கு யாருடைய தனி உத்தரவும் தேவைப்படவில்லை. 1984 மே மாதத்திலிருந்து 1985 செப்டம்பர் வரையிலான காலத்தில் அங்கே அடைபட்டிருந்த உக்ரைன் கைதிகளில் ஒலெக்ஸா தீஹி, யூரி லித்வின், வலேரி மார்ச்சென்கோ, ஸ்தூஸ் ஆகிய நால்வர் இறந்தார்கள். மற்ற மூவரின் பெயரையும் யாரும் நோபலோடு சேர்த்துப் பேசவில்லை.

இனி ஆளைப் பற்றி. 1938 ஜனவரியில் மத்திய உக்ரைனின் வின்னித்ஸியா வட்டாரத்தில் ரஹ்னிவ்கா என்ற கிராமத்தில் ஸ்தூஸ் பிறந்தார். விவசாயக் குடும்பம். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பிழைப்புத் தேடிக் கிழக்கே நிலக்கரி வட்டாரத்துக்குப் போனது. அந்த ஊருக்கு அப்போது ஸ்தாலினோ என்று பெயர். 1961க்குப் பிறகு டொனெட்ஸ்க். பத்தாண்டுகளுக்கு மேலாக நாம் போர்ச் செய்திகளில் கேட்கும் டொனெட்ஸ்க் அதுதான். பெருநகரம், சுரங்கம், ஆலை, எங்கு பார்த்தாலும் ரஷ்ய மொழி. உக்ரைன் மொழியில் பேசினால் பட்டிக்காட்டான் என்று சிரிப்பார்கள். அங்கே வளர்ந்தவர் உக்ரைன் மொழி ஆசிரியரானார். இராணுவச் சேவை முடித்து, பக்கத்து ஊரான ஹொர்லிவ்காவில் பாடம் நடத்திய நாட்களில், மூத்த கவிஞர் அந்த்ரி மலிஷ்கோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் மொழியைக் கற்பிப்பதே வீண் வேலையாகிவிட்ட வட்டாரத்தில் நின்று ஓர் இளம் ஆசிரியர் எழுதிய கடிதம் அது. கிழக்கு உக்ரைன் எந்நாளும் ரஷ்யாவின் பக்கம்தான் என்று பேசுகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும். தீஹியும் அதே டொனெட்ஸ்க் வட்டாரத்துப் பள்ளி ஆசிரியர்தான்.

1963இல் கீவ் நகருக்கு வந்தார். அறிவியல் அகாதெமியின் இலக்கிய நிறுவனத்தில் முதுநிலை ஆய்வு மாணவர். ஸ்தாலின் இறந்து பத்தாண்டு ஆகியிருந்தது. குருஷ்சேவ் கொஞ்சம் பிடியைத் தளர்த்தியிருந்தார். அந்த இடைவெளியில் இளம் கவிஞர்கள், ஓவியர்கள், விமர்சகர்கள் அடங்கிய ஒரு தலைமுறை தலைதூக்கியது. உக்ரைனில் அவர்களை அறுபதுகளின் தலைமுறை என்பார்கள். 1965 கோடையில் அவர்களில் பலரை கேஜிபி சத்தமில்லாமல் கைது செய்தது. பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை.

1965 செப்டம்பர் 4. கீவ் நகரின் உக்ரைனா திரையரங்கில் செர்கே பரஜானவ் இயக்கிய ‘மறந்துபோன முன்னோரின் நிழல்கள்’ படத்தின் முதல் காட்சி. பரஜானவ் ஆர்மீனியர், பிறந்தது ஜார்ஜியாவில், எடுத்தது கார்பாத்திய மலைவாழ் உக்ரைனியரைப் பற்றி, அவர்களுடைய வட்டார மொழியிலேயே. அரங்கு நிறைந்திருந்தது. விமர்சகர் இவான் ஜூபா மேடையேறினார். படக்குழுவை வாழ்த்தப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் கைதுகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். மேடையில் தள்ளுமுள்ளு. பேச்சை அமுக்கச் சத்தம் எழுப்பினார்கள். பார்வையாளர் வரிசையிலிருந்து பத்திரிகையாளர் வியாசெஸ்லாவ் சோர்னொவிலும் ஸ்தூஸும் எழுந்து, இந்தக் கொடுமையை எதிர்ப்பவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று குரல் கொடுத்தார்கள். சிலர் எழுந்தார்கள். பெரும்பாலோர் உட்கார்ந்தே இருந்தார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. கல் எறியவில்லை, கோஷம் போடவில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கெல்லாம் ஸ்தூஸை ஆய்வு நிறுவனத்திலிருந்து நீக்கினார்கள். அதற்குப் பிறகு அவருக்குப் படிப்புக்கேற்ற வேலை நிலைக்கவில்லை. நிலத்தடி ரயில் கட்டுமானத்தில் கூலி, கொதிகலன் அறையில் வேலை என்று போனது. அந்த ஆண்டிலேயே கல்யாணம், அடுத்த ஆண்டு மகன் பிறந்தான். அனுப்பிய கவிதைத் தொகுப்பு அச்சேறவில்லை. 1970இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் புலம்பெயர்ந்த உக்ரைனியர்கள் அவருடைய ‘குளிர்கால மரங்கள்’ தொகுப்பை வெளியிட்டார்கள். அதுவும் குற்றப்பட்டியலில் சேர்ந்தது. உயிரோடு இருந்தவரை சொந்த நாட்டில் அவர் பெயரில் ஒரு புத்தகம்கூட வரவில்லை. உங்கள் அப்பா சொன்ன மரியாதை பொய்யில்லை. எழுத்தாளர் சங்கத்தின் உள்ளே இருந்தவர்களுக்கு வீடு, ஓய்வில்லம், லட்சக்கணக்கில் அச்சுப் பிரதி எல்லாம் உண்டு. நமக்குத் தமிழில் வந்து சேர்ந்தவை சோவியத் அரசே தேர்ந்தெடுத்து அனுப்பியவை. ஸ்தூஸ் போன்றவர்கள் அந்தக் கப்பலில் ஏறவே முடியாது.

1972 ஜனவரி 12 அன்று கீவ், லிவிவ் நகரங்களில் ஒரே வீச்சில் கைதுகள் நடந்தன. ஸ்தூஸ், சோர்னொவில், விமர்சகர்கள் இவான் ஸ்வித்லிச்னி, யெவ்ஹென் ஸ்வெர்ஸ்த்யுக் என்று ஒரு தலைமுறையின் மேல்வரிசை முழுவதும் அந்தச் சில வாரங்களில் உள்ளே போனது. சட்டப்பிரிவு 62, சோவியத் எதிர்ப்புப் பிரச்சாரம். ஸ்தூஸுக்கு ஐந்தாண்டு கடுங்காவல் முகாம், அதன்மேல் மூன்றாண்டு நாடுகடத்தல். பிரச்சாரம் என்று அவர்கள் காட்டியது தட்டச்சில் கைமாறிய கவிதைகளையும், கைதுகளைக் கண்டித்து அதிகாரிகளுக்கே அவர் கையெழுத்திட்டு அனுப்பிய மனுக்களையும்.

ஜூபாவையும் அந்த ஆண்டு பிடித்தார்கள். 1965இலேயே ரஷ்யமயமாக்கலை லெனினின் எழுத்தைக் கொண்டே கண்டித்து ஒரு நூல் எழுதியவர் அவர். உடல் நலமில்லாதவர். 1973இல் தம் கருத்துகளைக் கைவிடுவதாக எழுதிக்கொடுத்து மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். சுதந்திர உக்ரைனில் கலாச்சார அமைச்சரானார். ஜூபாவைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. காசநோயோடு சிறையில் கிடந்து பார்க்காதவர்களுக்கு அந்த உரிமை கிடையாது. ஆனால் எழுதிக்கொடுத்தால் கதவு திறக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஸ்தூஸுக்கும் தெரியும். அவர் எழுதிக்கொடுக்கவில்லை.

மொர்தோவியா முகாமில் வயிற்றுப்புண் முற்றி, 1975 இறுதியில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். பிறகு தூரக் கிழக்கில் மகதான் வட்டாரத்தின் தங்கச் சுரங்கத்தில் நாடுகடத்தல் காலம். 1979இல் கீவ் திரும்பினார். ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை. பேசாமல் இருந்திருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. அப்போது உக்ரைன் ஹெல்சிங்கி குழு என்ற மனித உரிமை அமைப்பு இருந்தது. சோவியத் அரசே கையெழுத்திட்ட 1975 ஹெல்சிங்கி ஒப்பந்தத்தை மதிக்கிறதா என்று கண்காணித்து அறிக்கை விடுவதுதான் அதன் வேலை. தலைவர் மிக்கோலா ருதென்கோ உட்பட உறுப்பினர்கள் ஒவ்வொருவராகச் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆள் ஒழிந்துகொண்டிருந்த அந்தக் குழுவில்தான் ஸ்தூஸ் வந்து சேர்ந்தார். 1980 மே 14 அன்று மறுபடி கைது.

இப்போது வழக்கறிஞர் விஷயம். விக்டர் மெத்வெத்சுக், அப்போது 26 வயது, அரசு நியமித்தவர். ஸ்தூஸ் அவரை வேண்டாம் என்றார். அது ஏற்கப்படவில்லை. விசாரணை செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் 2இல் முடிந்தது. தன் கட்சிக்காரர் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளாத வழக்கில், குற்றம் நிரூபணமாகிவிட்டது என்ற அடிப்படையில் பேசி, அவர் உழைப்பாளி, உடல்நிலை சரியில்லாதவர் என்பதைக் கருணையோடு பாருங்கள் என்று கேட்டதே அந்த வழக்கறிஞரின் வாதம். ‘அபாயகரமான பழைய குற்றவாளி’ என்ற வகையில் சேர்த்துப் பத்தாண்டு தனிக்கடுமை முகாம், ஐந்தாண்டு நாடுகடத்தல் விதித்தார்கள். கார்க்கி நகரில் தானே காவலில் இருந்த மனித உரிமைப் போராளி சகாரவ் அங்கிருந்தே ஸ்தூஸுக்காக அறிக்கை விட்டார்.

உங்களுக்கு வந்த செய்தி வழக்கறிஞர் காட்டிக்கொடுத்ததால் தண்டனை என்கிற தொனியில் இருந்திருக்கும். அது மிகை. அந்த நீதிமன்றத்தில் யார் வாதாடியிருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது. மெத்வெத்சுக்கும் பின்னாளில் இதைத்தான் சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். ஆனால் தீர்ப்பு மாறாது என்பதால் வாதாட வேண்டிய கடமை போய்விடுமா? அரசியல் வழக்குகளில் விடுதலை கோரி நின்று, அதற்காகத் தொழிலையே இழந்த வழக்கறிஞர்கள் சோவியத் ஒன்றியத்திலேயே இருந்தார்கள். இவருக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. 2002இலிருந்து 2005 வரை உக்ரைன் ஜனாதிபதி குச்மாவின் செயலகத் தலைவர். புதின் இவருடைய மகளுக்கு ஞானத்தந்தை. வரலாற்றாசிரியர் வஹ்தாங் கிப்பியானி 2019இல் ஸ்தூஸின் வழக்குக் கோப்புகளைத் தொகுத்து நூலாக்கியபோது, தன்னைப் பற்றிய வாசகங்களை நீக்கச் சொல்லி மெத்வெத்சுக் வழக்குப் போட்டார். 2020 அக்டோபரில் கீவ் நீதிமன்றம் ஒன்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உடனே கடைகளில் அந்தப் புத்தகம் ஒன்றுவிடாமல் விற்றுத் தீர்ந்தது. 2021 மார்ச்சில் மேல்முறையீட்டில் தடை போயிற்று. 2022இல் போர் தொடங்கியதும் வீட்டுக்காவலிலிருந்து ஓடிப் பிடிபட்ட அவரை, உக்ரைன் அரசு அந்தச் செப்டம்பரில் ரஷ்யாவிடம் கொடுத்துப் பதிலுக்கு 200 போர்க்கைதிகளை மீட்டது.

முகாமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உரல் மலைப் பக்கம் பெர்ம் வட்டாரத்தில் கூச்சினோ கிராமம், முகாம் எண் 36. தனிக்கடுமைப் பிரிவில் இரவும் பகலும் அறைக்குள்ளேயே பூட்டியிருப்பார்கள். உலாவ விடும் முற்றம் சுற்றிலும் தகரம் அடித்து மேலே முள்கம்பி போட்டது. வேலை மின்சார இஸ்திரிப் பெட்டிக்கான சிறு உதிரிபாகங்களைப் பூட்டுவது. எழுதியது கண்ணில் பட்டால் பறிப்பார்கள். முன்பு மொர்தோவியாவில் இருந்தபோது கடிதத்தில் கவிதை வரிகளை உரைநடைபோல் ஓட்டமாக எழுதித் தணிக்கையைக் கடந்து மனைவிக்கு அனுப்பியிருக்கிறார். இங்கே அதுவும் அரிதாயிற்று. 1983இல் அவருடைய முகாம் குறிப்பேடு மெல்லிய தாள்களில் வெளியே கடத்தப்பட்டு மேற்கில் அச்சானது. அதற்குத் தண்டனையாக ஓராண்டு தனிக்கொட்டடி. ‘ஆன்மாவின் பறவை’ என்று பெயரிட்டுச் சேர்த்து வைத்த கடைசித் தொகுப்பு நிர்வாகத்தின் கைக்குப் போனது. இன்றுவரை திரும்பவில்லை. ரில்கேயையும் கதேயையும் அவர் மொழிபெயர்த்ததில் எஞ்சியவை மட்டும் நம் கையில் இருக்கின்றன. இத்தனை சாவில் என்னை அதிகம் உறுத்துவது இந்தக் கையெழுத்துப் பிரதிதான்.

1985 ஆகஸ்ட் கடைசியில், படுக்கைப் பலகையில் முழங்கையை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார் என்ற குற்றத்துக்குத் தண்டனைக் கொட்டடியில் போட்டார்கள். உண்ணாவிரதம் அறிவித்தார். செப்டம்பர் 4 அதிகாலையில் இறந்து கிடந்தார். திரையரங்கில் எழுந்து நின்ற நாளிலிருந்து சரியாக 20 ஆண்டுகள். கர்பச்சேவ் ஆட்சிக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அரசு எழுதிய காரணம் மாரடைப்பு. முகாம் ஆட்கள் அடித்திருப்பார்கள் என்றே சகக் கைதிகள் சிலர் எழுதினார்கள். வயிற்றில் பாதிக்கு மேல் இல்லாத 47 வயது மனிதரைக் குளிர்க் கொட்டடியில் பட்டினியோடு விட்டால் மூன்றாவது ஆள் தேவையில்லை என்பது என் கருத்து. கொன்றது கேஜிபியா என்று கேட்டால், முகாமை நடத்தியவர்கள் கொன்றார்கள் என்பதே என் பதில். மனைவியும் மகனும் வந்து சேர்வதற்குள் எண் மட்டும் குறித்த ஒரு கம்பத்தின் கீழ் புதைத்துவிட்டார்கள். 1989 நவம்பரில் ஸ்தூஸ், தீஹி, லித்வின் மூவரின் உடல்களையும் கீவ் கொண்டுவந்து பைக்கோவே இடுகாட்டில் மறுபடி அடக்கம் செய்தபோது ஊர்வலத்தில் பல்லாயிரம் பேர் நடந்தார்கள். சோவியத் ஒன்றியம் அப்போது இன்னும் இருந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் கடினமானது. ஏட்டின்படி பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. உக்ரைன் ஒரு குடியரசு. 1945இல் ஐ.நா.வைத் தோற்றுவித்த நாடுகளில் ஒன்று. 1936ஆம் ஆண்டு சோவியத் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு எந்தக் குடியரசும் பிரிந்து போகலாம் என்றது. லெவ்கோ லுக்யானென்கோ என்ற இளம் வழக்கறிஞர் இதை நம்பினார். பொதுமக்கள் வாக்கெடுப்பு மூலம் சட்டப்படி பிரிவது பற்றி நண்பர்களோடு திட்டம் எழுதினார். 1961இல் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அது 15 ஆண்டுச் சிறையாகக் குறைந்தது. சட்டப் புத்தகத்தில் இருந்த உரிமையைப் படித்துக் காட்டியதற்கு இந்தத் தண்டனை என்றால், அந்த ஆட்சியை அங்குள்ளவர்கள் தங்களுடையதாக எப்படி நினைப்பார்கள்? இரண்டாம் முறை சிறைப்பட்டபோது அவரும் கூச்சினோவில்தான் இருந்தார். 1991 ஆகஸ்ட் 24 அன்று உக்ரைன் நாடாளுமன்றம் ஏற்ற சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவரும் அவரே.

ஆனால் வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு வந்து ஆண்டது போன்ற படத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் புரியாது. ஸ்தூஸைக் கைது செய்தவர்கள், விசாரித்தவர்கள், தீர்ப்பு எழுதியவர், வாதாடியவர் எல்லோரும் கீவ் ஆட்கள். 1972இல் கட்சித் தலைமைக்கு வந்து உக்ரைன் மொழிப் பதிப்புலகை ஒடுக்கிய ஷெர்பித்ஸ்கியும் உக்ரைனியரே. எந்தப் புத்தகம் வரலாம், யார் உள்ளே போகவேண்டும் என்ற முடிவு மாஸ்கோவின் விருப்பப்படி நடந்தது. நடத்தியவர்கள் உள்ளூர்க்காரர்கள். அதனால் ஸ்தூஸ் ரஷ்யர்களை வெறுத்தவர் என்றும் எண்ண வேண்டாம். அவரோடு கடைசிக் காலத்தில் ஒரே அறையில் இருந்தவர் ரஷ்ய எழுத்தாளர் லியோனித் பரதீன், அவரும் அரசியல் கைதி. ஸ்தூஸுக்காகப் பேசிய சகாரவும் ரஷ்யர். ஸ்தூஸ் எதிர்த்தது, ஒரு மக்களின் மொழியும் இலக்கியமும் எவ்வளவு இருக்கலாம் என்று வெளியிலிருந்து அளந்து கொடுத்த அதிகாரத்தை. அதை அந்நிய ஆட்சி என்று அழைப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

படிக்கத் தொடங்குவது பற்றி. கவிதையில் நேரடியாக இறங்க வேண்டாம். இறுக்கமான, தன்னோடு தானே பேசும் நடை அவருடையது. மொழிபெயர்ப்பில் பாதி நழுவிவிடும். முதலில் பரஜானவ் படத்தைப் பாருங்கள், இணையத்தில் கிடைக்கிறது. அடுத்து முகாம் குறிப்பேட்டை ஆங்கிலத்தில் படியுங்கள். சில பக்கங்கள்தான், ஆளின் குரல் நேராகக் கேட்கும். அதன்பிறகு ‘பாலிம்ப்செஸ்ட்கள்’ தொகுப்புக்கு வாருங்கள். அவர் இறந்த மறுவருடம் மேற்கில் வந்தது. மகன் திமித்ரோ இலக்கிய ஆய்வாளர், தந்தையின் வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். டொனெட்ஸ்கில் தேடிப் போகாதீர்கள். அங்கே பல்கலைக்கழகக் கட்டடத்தில் இருந்த ஸ்தூஸின் புடைப்புச் சிற்பத்தை ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகள் 2015இல் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். ஊரை விட்டு வெளியேறிய பல்கலைக்கழகம் 2014 முதல் வின்னித்ஸியாவில் நடக்கிறது. 2016இலிருந்து அதன் பெயரே வசீல் ஸ்தூஸ் டொனெட்ஸ்க் தேசியப் பல்கலைக்கழகம்.